பீரோவுக்குள் மாற்றுச் சாவி

போன மாதம் எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் சாவி தொலைந்துபோனது. கடையநல்லூரில் நாங்கள் இருக்கும் தெருவில் ஒரு வீட்டில் சாவி தொலைந்தால் அது குடும்ப விஷயமல்ல, தெரு விஷயம். ஆளுக்கு ஒரு யோசனை, ஆளுக்கு ஒரு ஹேர்பின். ஒரு மணி நேரம் கழித்து, கணக்கப்பிள்ளை மகனுக்கே உரிய நிதானத்தோடு நான் கேட்டேன்.

"ஏம்மா, வாங்கும்போது ரெண்டு சாவி குடுத்தாங்களே. இன்னொண்ணு எங்கே?"

"அது பத்திரமாத்தான் இருக்கு."

"எங்கே?"

"பீரோவுக்குள்ள. லாக்கர்ல."

தெருவே சிரித்தது. சங்கரன்கோவிலில் இருந்து வந்திருந்த மாமா சிரித்ததில் அவருக்குப் புரையேறி, சாவியை விட்டுவிட்டு அவர் தலையைத் தட்ட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஏனென்றால் 2010 வரைக்கும் என் கம்ப்யூட்டரில் முக்கியமான ஃபைல்களை எல்லாம் 'பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதே கம்ப்யூட்டரில், அதே ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்த புத்திசாலி நான். லாக்கருக்குள் சாவி வைத்த அம்மாவின் பிள்ளை.

* * *

2010-ல் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் இந்தப் பக்கத்தைப் படிக்கிற நாலு பேராவது உஷார் ஆனால் சரி.

அப்பா ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதினவர். ரிட்டயரானபின் ஒருநாள், பழைய டேப் ரெக்கார்டரை அவர் முன்னால் வைத்துப் பேசச் சொன்னேன். நாற்பது நிமிஷம் பேசினார். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் எத்தனை தறி ஓடியது, பாவு நீட்டின இடம் எது, நூல் விலை ஏறினபோது யார் யார் தறியை மடக்கிவிட்டு வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள் என்று எல்லாம். நான் பெருமையோடு அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். 'இனிமேல் கேசட் எதற்கு' என்று மாமாவிடம் கொடுத்தேன். மாமா அதன் மேல் நாதஸ்வரம் பதிந்துகொண்டார். 2008-ல் அப்பா போய்விட்டார்.

2010 ஆடி மாதம், வெளியே சாரல். உள்ளே கம்ப்யூட்டரில் இருந்து 'டிக்... டிக்... டிக்' என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் என்பது கிராமபோன் தட்டு மாதிரி. ஒரு தகடு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றும். அதன்மேல் மயிரிழையில் ஒரு முள் மிதக்கும். மயிரிழை என்றுகூடச் சொல்லக் கூடாது, மயிர் அதைவிட ரொம்பத் தடிமன். அந்த முள் தகட்டில் தட்டிவிட்டால் காந்தப் பூச்சு உரிந்துவிடும். அதோடு அதில் எழுதியிருந்ததும்.

ரிப்பேர் கடைக்காரர் டிஸ்க்கைக் காதில் வைத்து, வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி கேட்டார். "அண்ணாச்சி, போர்டு போயிருந்தா மாத்திக் குடுத்திருவேன். இது தலை தட்டிருச்சு" என்றார்.

அம்மா அவ்வப்போது, "உங்கப்பா பேசினதைப் போடேன், கேப்போம்" என்பாள். "கம்ப்யூட்டர் ரிப்பேர்ம்மா" என்பேன். ஆறு மாதம் அதே பதில். அதற்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அம்மாக்களுக்குத் தெரிந்துவிடும்.

* * *

சரி, ஆபீஸுக்கு வருவோம். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இப்படி ஒரு வரிசை இருக்கும். இல்லை என்று சத்தியம் பண்ணுங்கள் பார்க்கலாம்.

பட்ஜெட். பட்ஜெட் புதுசு. பட்ஜெட் ஃபைனல். பட்ஜெட் ஃபைனல் 2. பட்ஜெட் மேனேஜர் திருத்தியது. பட்ஜெட் ஒரிஜினல் ஃபைனல். பட்ஜெட் இதுதாண்டா ஃபைனல்.

இதுவும் ஒரு வகை பேக்கப்தான். நேற்றைக்கு எப்படி இருந்தது என்று ஒருநாள் தேவைப்படும் என்ற பயம் மனித குலத்துக்கே பொது. கோளாறு என்னவென்றால் ஒவ்வொரு தடவையும் முழுசாகப் பிரதி எடுக்கிறோம். மேனேஜர் மாற்றியது மூன்று எண். நாம் சேமிப்பதோ முந்நூறு பக்கம்.

என்னிடம் போட்டோ, பாட்டு, கணக்கு, பத்திரங்களின் நகல் எல்லாம் சேர்த்து சுமார் 80 ஜிபி. தினம் மாறுவது, மிஞ்சிப்போனால் கால் ஜிபிக்கும் கீழே. 200 எம்பி என்று வையுங்கள். தினமும் முழுப் பிரதி எடுத்தால் 30 நாளைக்கு 2,400 ஜிபி. முதல் நாள் முழுசாக எடுத்து, மிச்ச 29 நாளும் மாறினதை மட்டும் எடுத்தால்? 86 ஜிபிக்குள் அடங்கிவிடும். இரண்டிலும் கிடைப்பது ஒன்றுதான்: எந்தத் தேதியைக் கேட்டாலும் அந்தத் தேதியின் நிலவரம். இந்த இரண்டாவது முறைக்குப் பெயர் இன்க்ரிமென்ட்டல் பேக்கப். இன்க்ரிமென்ட் என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள். இது சம்பளம் சம்பந்தப்பட்டதல்ல.

அப்பா இதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்துகொண்டிருந்தார். சங்கத்தில் இரண்டு நோட்டு: ஒன்று குறிப்பேடு, ஒன்று பேரேடு. அன்றன்றைக்கு நடந்த வரவு செலவு மட்டும் குறிப்பேட்டில் ஏறும். பேரேட்டில் மொத்தக் கணக்கு. பேரேட்டில் காப்பி கொட்டினாலும், போன வருஷ முடிவுக் கணக்கும் அதற்கப்புறம் எழுதிய குறிப்பேடும் இருந்தால் கணக்கை மறுபடி எழுப்பிவிடலாம். முழுப் பிரதி ஒன்று, அதன்மேல் அன்றாட மாற்றங்கள். உலகத்துப் பேக்கப் சாஃப்ட்வேர் எல்லாம் இதற்குள் அடக்கம்.

* * *

டிஸ்க் போன பிறகு எனக்கு ஞானோதயம் வந்தது. எங்கள் தெருவில் லினக்ஸ் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பையன்கள் ஜோசியர்கள் மாதிரி கறுப்புத் திரையில் என்னென்னவோ கட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் என் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தான். யூனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளை. பைசா செலவில்லை. சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007-ல் பாஸ் என்ற பெயரில் ஒரு லினக்ஸ் வெளியிட்டதுகூட இந்தக் குடும்பம்தான். ஆபீஸில் ஒரு பாஸ் போதும் என்று நான் வேறு வகையறாவைப் போடச் சொன்னேன்.

முதலில் 'டார்' என்று ஒரு பழைய கட்டளையில் ஆரம்பித்தோம். டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம். காந்த நாடாக்களில் பிரதி எடுத்த காலத்துச் சரக்கு. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டும். எதை எதைக் கட்டினோம் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை அந்தக் குறிப்பைப் பார்த்து மாறினதை மட்டும் ஒரு சின்ன மூட்டை. இப்படி சனி வரைக்கும். யூனிக்ஸில் 'டம்ப்' என்று இன்னொரு பெரியவரும் உண்டு. அவர் இதையே 0 முதல் 9 வரை படி வைத்துச் செய்வார். 0 என்றால் முழுசு. 1 என்றால் 0-க்குப் பிறகு மாறியது. இப்படியே மேலே.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒரு வெள்ளிக்கிழமை வரை. கணக்கு ஃபைல் ஒன்றை நானே தவறி அழித்துவிட்டேன். 'பயமில்லை, பேக்கப் இருக்கிறது' என்று மூட்டைகளைப் பிரித்தோம். ஞாயிறு, சரி. திங்கள், சரி. செவ்வாய், சரி. புதன் பிரியவில்லை. அது 2012. தமிழ்நாட்டில் கரண்ட் போவது செய்தியல்ல, வருவதுதான் செய்தி. புதன்கிழமை ராத்திரி மூட்டை கட்டும்போது கரண்ட் போயிருக்கிறது. நான் திருத்தியதும் புதன்கிழமைதான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சங்கிலி முறையின் பலவீனம் இது. வெள்ளியன்று பழைய நிலைக்குப் போக வேண்டுமானால் ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து மூட்டையும் ஒழுங்காக இருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி போனால், அதில் இருந்தது போச்சு.

* * *

"அண்ணாச்சி, வேற வழி இருக்கு. ஆர்ஸிங்க் போடுவோம்" என்றான் பையன்.

ஆர்ஸிங்க் ஆஸ்திரேலியச் சரக்கு. 1996-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர் எழுதியது. மெதுவான போன் லைனில் பெரிய ஃபைலை ஊர் விட்டு ஊர் அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் பழைய பிரதி ஒன்று இருக்கிறது. முழுசையும் ஏன் அனுப்பவேண்டும்? ஃபைலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டுத்தொகை போட்டு, இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, ஒத்துவராத துண்டை மட்டும் அனுப்புவது என்று கண்டுபிடித்தார்கள். ட்ரிட்ஜெல் பின்னால் இதையும் சேர்த்து எழுதி டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். நம்மில் பலர் வாங்கின பட்டம் அந்தத் தெருவுக்குக்கூடப் பயன்படாதபோது, இவர் வாங்கினது உலகத்துக்கே உபயோகம்.

ஒரு ஃபைல் மாறியிருக்கிறதா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? சாதாரணமாக இரண்டே கேள்விதான் கேட்கும்: எவ்வளவு பெரிசு? கடைசியாக எப்போது திருத்தப்பட்டது? இரண்டும் நேற்று மாதிரியே இருந்தால் ஆளைத் தொடுவதில்லை.

இதோடு யூனிக்ஸின் பழைய வித்தை ஒன்றைச் சேர்த்தால் அற்புதம் நடக்கிறது. அதன் பெயர் ஹார்ட் லிங்க். மாமாவுக்கு இதை விளக்க நான் பட்ட பாடு தனி.

"மாமா, தினமும் தேதி போட்டு ஒரு ஃபோல்டர். ஒவ்வொண்ணையும் திறந்தா எல்லா ஃபைலும் முழுசா இருக்கும்."

"அப்போ தினம் 80 ஜிபி அடைக்குமே மாப்ளே?"

"அடைக்காது. மாறாத ஃபைல் டிஸ்க்கிலே ஒரே ஒரு இடத்திலேதான் இருக்கு. அதுக்குப் பேர் மட்டும் நிறைய. உங்களுக்கு ரேஷன் கார்டிலே ஒரு பேரு, வீட்டிலே ஒரு பேரு, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலே ஒரு பேரு. ஆனா சோறு ஒரு ஆளுக்குத்தானே?"

மாமா யோசித்தார். "பஸ் ஸ்டாண்ட் பேரு உனக்கு யாரு சொன்னா?"

"அதை விடுங்க. ரேஷன் கார்டிலே பேரை அடிச்சுட்டா நீங்க செத்துப்போயிருவீங்களா?"

"மாட்டேன். அலையத்தான் செய்யணும்."

"அதேதான். போன மாச ஃபோல்டரை அழிச்சா அந்தப் பேருதான் போகும். ஃபைல் போகாது. கடைசிப் பேரும் போனாத்தான் ஆளு அவுட்."

ஆக, ஒவ்வொரு ராத்திரியும் ஆர்ஸிங்க் புது ஃபோல்டர் போடும். மாறாத ஃபைலுக்கு நேற்றைய ஃபைலின் பெயரையே இன்னொரு தடவை எழுதிவைக்கும். மாறினதை மட்டும் புதிதாகப் பிரதி எடுக்கும். பார்த்தால் ஒவ்வொரு நாளும் முழுசு. இடம் பிடிப்பதோ மாறின அளவு. சங்கிலி கிடையாது. புதன் அறுந்தாலும் வியாழன் தனியாக நிற்கும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இந்த வித்தை லினக்ஸ் பாணியில் தயார் செய்த டிஸ்க்கில்தான் பலிக்கும். கடையில் வாங்கின பென் டிரைவ் அப்படியே வேலைக்கு ஆகாது. இரண்டு, பேக்கப் ஃபோல்டருக்குள் போய் எதையும் திருத்தாதீர்கள். எல்லாப் பெயரும் ஒரே ஆள் என்பதால், இன்றைக்குத் திருத்தினால் போன மாதமும் சேர்ந்து திருந்திவிடும்.

தினமும் இதை யார் செய்வது? 'க்ரான்' என்று ஒரு வாட்ச்மேன் யூனிக்ஸில் இருக்கிறார். தூங்காத ஆள். அவருக்கு ஒரு வரி எழுதிக்கொடுக்க வேண்டும். அது இப்படி ஆரம்பிக்கும்:

0 2 * * *

புள்ளிக் கோலம் அல்ல. நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்று அஞ்சு இடம். நட்சத்திரம் என்றால் 'எதுவானாலும் சரி'. அதாவது எந்த மாதம், எந்தத் தேதி, எந்தக் கிழமையானாலும் ராத்திரி 2 மணி 0 நிமிஷத்துக்கு எழுப்பு. ராகு காலம், எமகண்டம் எதுவும் க்ரானுக்குக் கிடையாது.

* * *

இதற்கப்புறமும் நான் சொதப்பினேன் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

யூனிக்ஸில் வெளி டிஸ்க்கைச் சொருகினால் அது ஒரு காலி ஃபோல்டரின் மேல் வந்து உட்காரும். ஒருநாள் டிஸ்க்கைச் சொருக மறந்துவிட்டேன். ராத்திரி 2 மணிக்கு வாட்ச்மேன் எழுந்தார். ஃபோல்டர் காலியாக இருந்தது. 'ஆஹா, புது இடம்' என்று மொத்தத்தையும் கம்ப்யூட்டரின் சொந்த வயிற்றிலேயே கொட்டிவிட்டார். காலையில் வயிறு முட்டி, கம்ப்யூட்டர் முனகக்கூட இல்லை. இப்போது வெளி டிஸ்க்கில் ஓர் அடையாள ஃபைல் வைத்திருக்கிறேன். அது கண்ணில் பட்டால்தான் வேலை ஆரம்பம். ஆதார் கார்டு காட்டினால்தான் உள்ளே என்கிற மாதிரி.

இன்னொரு தடவை, 'எங்கிருந்து, எங்கே' என்ற இரண்டையும் மாற்றி எழுதிவிட்டேன். ஆர்ஸிங்குக்கு முதலில் சொல்வது மூலம், இரண்டாவது சேருமிடம். கூடவே 'மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்தில் அழித்துவிடு' என்ற உத்தரவும் போட்டிருந்தேன். மூலம் என்று நான் சொன்னது காலி டிஸ்க். எண்டர் தட்டியிருந்தால் காலியின் நேர்ப் பிரதியாக என் கம்ப்யூட்டரும் காலி. பையன்தான், "அண்ணாச்சி, முதல்ல ஒத்திகை பாருங்க" என்று தடுத்தான். எதையும் தொடாமல், 'நான் இதையெல்லாம் செய்வேன்' என்று பட்டியல் மட்டும் போடச் சொல்ல அதில் ஒரு வசதி இருக்கிறது. போட்டேன். திரை முழுக்க 'அழிக்கிறேன், அழிக்கிறேன்' என்று ஓடியது. சாரல் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

* * *

நாமாவது கடையநல்லூர். பெரிய ஆசாமிகள் சொதப்பினதைக் கேளுங்கள்.

1998-ல் அமெரிக்காவின் பிக்ஸார் கம்பெனியில் டாய் ஸ்டோரி இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தவறான இடத்தில் நின்றுகொண்டு யூனிக்ஸில் 'அழி' என்ற கட்டளையைத் தட்டிவிட்டார். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மைகளின் தொப்பி, பூட்ஸ், கடைசியில் பொம்மையே காணாமல் போனது. பேக்கப்பை எடுத்தால், அது வெகு நாளாக ஒழுங்காக ஓடவே இல்லை. கம்பெனி தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது காலின் ஸுஸ்மன் என்ற பெண்மணிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த அவரிடம் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து, கல்யாணப் பெண்ணை அழைத்து வருகிற மாதிரி மெதுவாக ஓட்டிவந்தார்கள். படம் பிழைத்தது. அப்புறம் கதை பிடிக்கவில்லை என்று பெரும்பகுதியை அவர்களே மாற்றி எடுத்தார்கள் என்பது வேறு சமாசாரம். 1999-ல் வெளியாகிச் சக்கைப்போடு போட்டது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற கம்பெனி. உலகம் பூரா புரோகிராமர்கள் தங்கள் வேலையைப் பத்திரமாக வைக்கிற இடம். ஒரு எஞ்சினியர் நடுராத்திரிக் களைப்பில் வேறு மெஷின் என்று நினைத்து அசல் மெஷினில் சுமார் 300 ஜிபியை அழிக்க ஆரம்பித்து, ஒன்றிரண்டு செகண்டில் நிறுத்தினார். அதற்குள் அநேகமாக எல்லாம் காலி. அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தது. ஐந்தும் சரியாக ஓடவில்லை, அல்லது ஆரம்பிக்கவே இல்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு பிரதி காப்பாற்றியது. அதையும் ஒளிக்காமல் ஊரறியச் சொன்னார்கள். அதற்காக ஒரு சபாஷ்.

சிரித்தாகிவிட்டது. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 1981 மே 31 இரவும் அதையடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும். அச்சுப் புத்தகம் என்றால் இன்னோர் ஊரில் இன்னொரு பிரதி கிடைக்கலாம். வேறெங்கும் பிரதி இல்லாத கையெழுத்துச் சுவடிக்கு எங்கே போவது? அதைப் படித்தவர்களும் போய்ச் சேர்ந்தபின் அப்படி ஒன்று இருந்ததற்கே சாட்சியில்லை. 2005-ல் ஈழத்து நண்பர்கள் சேர்ந்து நூலகம் என்ற பெயரிலேயே மின்னூலகம் ஒன்றைத் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் வருடி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து பொதுவில் வைக்க ஆரம்பித்தது. ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதியவர்கள் காலத்திலிருந்து நம் இலக்கியம் பிழைத்திருப்பது பிரதியால்தான். பிரதி எடுக்காததெல்லாம் கறையான் வயிற்றில்.

* * *

பீட்டர் க்ராக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு: 3-2-1. மூன்று பிரதி. இரண்டு விதமான சாதனம். ஒன்று வெளியூரில். டிஸ்க் போனால் பக்கத்து டிஸ்க் இருக்கும். வீட்டில் வெள்ளமோ திருடனோ வந்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும். 2017 மே மாதம் வானாக்ரை என்று ஒரு வைரஸ் உலகத்தைச் சுற்றிவந்து, கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுச் சாவிக்குக் காசு கேட்டது ஞாபகம் இருக்கும். அந்த ஜாதி வைரஸுக்கு, சொருகியே வைத்திருக்கும் பேக்கப் டிஸ்க்கும் ஒரு வாய் அவல்தான். எனவே ஒன்றாவது கழற்றி வைத்திருக்க வேண்டும்.

என் 'வெளியூர்' சங்கரன்கோவில். மாதம் ஒரு தடவை டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறுகிறேன். நடுவில் பாம்பக்கோவில் சந்தை. இறங்கினால் மாமா வீடு. முதல் தடவை கொடுத்துவிட்டு வந்து, அடுத்த மாதம் போனபோது டிஸ்க் பூஜை அலமாரியில் இருந்தது. சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை.

"என்ன மாமா இது?"

"உன் அப்பா குரல் போன மாதிரி இதுவும் போயிரக் கூடாதுன்னுதான்."

கேசட்டின் மேல் நாதஸ்வரம் பதிந்தது அவர் மனசிலும் இத்தனை வருஷம் உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டைத் துடைத்துவிட்டுச் சொருகினேன். ஓடியது.

பழைய ஃபோல்டர்களைக் கழிப்பதற்கும் ஒரு முறை உண்டு. அதற்குப் பெயரே தாத்தா, அப்பா, பையன். தினப் பிரதி பையன், 7 பேர். வாரப் பிரதி அப்பா, 4 பேர். மாதப் பிரதி தாத்தா, 12 பேர். மொத்தம் 23. பையன்கள் சீக்கிரம் போய்விடுவார்கள். தாத்தாக்கள் ஒரு வருஷம் இருப்பார்கள். வாழ்க்கையில் தலைகீழ்.

மார்ச் 31-ம் தேதியை உலக பேக்கப் தினம் என்கிறார்கள். மறுநாள் முட்டாள்கள் தினம் என்பதால் அந்தத் தேதி. நம் ஊரில் அன்றைக்குக் கணக்கு முடிக்கிற தினம். அன்றைக்கு எந்த ஆபீஸில் யாருக்குப் பேக்கப் எடுக்க நேரம்? அதனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். லினக்ஸ் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஒரு வெளி டிஸ்க் வாங்கி இழுத்துப் போடுங்கள். அப்புறம் மிக முக்கியமானது: எடுத்ததைத் திரும்ப வைத்துப் பாருங்கள். பிக்ஸாரும் கிட்லேப்பும் பேக்கப் ஏற்பாடு இல்லாமல் மாட்டவில்லை. இருந்ததைத் திறந்து பார்க்காமல்தான் மாட்டினார்கள்.

நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்கிறேன். ஏதாவது ஒரு ஃபைலை எடுத்து, வேறு இடத்தில் வைத்துத் திறந்து பார்ப்பது. எந்த ஃபைல் என்பதில் எனக்குக் குழப்பமே கிடையாது.

2007-ல் ஷார்ஜாவில் இருக்கும் தங்கை, "அப்பா பேசினதை எனக்கும் அனுப்பு" என்று கேட்டிருந்தாள். அப்போது எங்கள் வீட்டு நெட் ஆமை. மாதிரிக்கு ஆரம்பத்தில் ஒரு நிமிஷம் 40 செகண்டை மட்டும் வெட்டி ஈமெயிலில் அனுப்பிவிட்டு, "மிச்சம் அடுத்த வாரம்" என்று எழுதினேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. டிஸ்க் போய் இரண்டு வருஷம் கழித்து அவள் பழைய மெயில்களைக் கிளறும்போது அது கிடைத்தது. தறி பற்றி ஒரு வார்த்தை கிடையாது அதில். எந்தத் தெரு, எத்தனை தறி, ஒன்றும் இல்லை. அப்பா தொண்டையைச் செருமுகிறார். "ஓடுதால இது? செவப்பு லைட்டு எரியலையே" என்கிறார். நான் ஏதோ சொல்கிறேன். "சரி சரி. உங்கம்மாட்ட காப்பி கேளு. காப்பி குடிக்காம எப்படிப் பேச?" என்கிறார். அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு காலையில் அதைத்தான் எடுத்து ஓடவிடுகிறேன். அம்மா எங்கிருந்தாலும் வந்து நிற்பாள். காப்பி இடம் வந்ததும் சிரிப்பாள். பிள்ளைக்கு அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று தங்கையிடம் போனில் சொல்லியிருக்கிறாள்.

பையனோ, "ரீஸ்டோர் டெஸ்ட்டைத் தவறாமப் பண்றது ஊரிலேயே நீங்கதான் அண்ணாச்சி" என்கிறான்.

ரெண்டு பேரிடமும் நான் மறுத்துப் பேசுவதில்லை.

பீரோ? பூட்டுக்காரர் வந்து திறந்தார். லாக்கரில் மாற்றுச் சாவி, அம்மா சொன்ன மாதிரியே, பத்திரமாக இருந்தது. இப்போது அது சங்கரன்கோவிலில், பூஜை அலமாரியில், டிஸ்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.